சம்பளம் வாங்காத துணைவேந்தர்

நம் குடியிருப்பில் கல்லூரிகளில் பாடம் எடுப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். லிப்டில் சந்திக்கும்போது நீங்கள் அடிக்கடி சொல்லிக் கேட்கும் சொல் எஃப்.டி.பி. ஆசிரியர்களுக்கான திறன் மேம்பாட்டுப் பயிற்சி. ஐந்து நாள் நடக்கும், கடைசி நாளில் ஒரு சான்றிதழும் ஒரு குழுப் புகைப்படமும் கிடைக்கும். நான் வேலை பார்த்த வங்கியிலும் பயிற்சிக் கல்லூரி இருந்தது. சாப்பாடு பிரமாதம். திரும்பி வந்தால் அதே கவுண்டர், அதே லெட்ஜர்.

பயிற்சியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆசிரியரை வளர்ப்பது என்றால் என்ன, ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தலைமை தாங்குவது என்றால் என்ன என்று யோசித்தால், எனக்கு நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு மனிதர்தான் நினைவுக்கு வருகிறார். சர் அசுதோஷ் முகர்ஜி. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 1906 முதல் 1914 வரையும், மறுபடி 1921 முதல் 1923 வரையும் இருந்தவர். பெரிய மீசை, கனத்த உடம்பு, யாருக்கும் வளையாத குணம். வங்கத்துப் புலி என்று ஊர் அழைத்தது. அவர் பெயரை நீங்கள் கேள்விப்படாமல் இருக்கலாம். ஆனால் அவர் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவந்த இரண்டு பேரைக் கட்டாயம் உங்களுக்குத் தெரியும். ஒருவர் திருச்சியில் பிறந்த சி.வி.ராமன். இன்னொருவர், செப்டம்பர் 5ஆம் தேதி நாம் நினைவுகூரும் டாக்டர் ராதாகிருஷ்ணன்.

அசுதோஷ் 1864 ஜூன் 29ஆம் தேதி கல்கத்தாவின் பௌபஜாரில் பிறந்தார். அப்பா கங்காபிரசாத் டாக்டர். குடும்பம் பவானிப்பூரில் குடியேறியது. பையனுக்குக் கணக்கு என்றால் உயிர். பிரசிடென்சி கல்லூரியில் மாணவராக இருக்கும்போதே, யூக்ளிடின் முதல் புத்தகத்தில் உள்ள ஒரு தேற்றத்துக்குப் புதிய நிரூபணம் ஒன்றை எழுதினார். அது 1881இல் இங்கிலாந்தின் கணித இதழ் ஒன்றில் வெளியாயிற்று. அப்போது அவருக்கு 16, 17 வயதுதான். 1885இல் கணிதத்தில் எம்.ஏ., அடுத்த வருஷம் இயற்பியலில் எம்.ஏ. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் இரண்டு பாடங்களில் எம்.ஏ. பெற்ற முதல் மாணவர் அவரே.

இவ்வளவு படித்தவருக்கு அந்த நாளில் என்ன வேலை கிடைத்தது தெரியுமா? கல்வித் துறையின் வெள்ளைக்கார இயக்குநர் சர் ஆல்பிரட் கிராப்ட் அவரைக் கூப்பிட்டு ஓர் ஆசிரியர் பதவி தர முன்வந்தார். ஐரோப்பிய ஆசிரியர்களுக்கு உள்ள அதே தகுதி நிலை, அதே சம்பளம் வேண்டும், பிரசிடென்சி கல்லூரியிலேயே இருக்க வேண்டும் என்று இளைஞர் கேட்டார். அது நடக்காது என்றதும், வேண்டாம் என்று வந்துவிட்டார். பல்கலைக்கழகத்திலேயே வேலை தேடலாமே என்றால், அங்கே ஆசிரியர் பதவி என்று எதுவுமே கிடையாது. சில வருஷம் பௌபஜாரில் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் நடத்திய அறிவியல் சங்கத்தில் கணிதமும் இயற்பியலும் சொற்பொழிவாற்றினார். பிறகு சோற்றுக்கு வழி சட்டம்தான் என்று அந்தப் பக்கம் போனார். 1888இல் வக்கீல், 1894இல் சட்டத்தில் டாக்டர் பட்டம், 1904இல் கல்கத்தா ஹைகோர்ட் நீதிபதி.

நல்ல வாழ்க்கைதானே, வேறென்ன வேண்டும் என்று நாம் நினைப்போம். ஆனால் கணிதப் பேராசிரியர் ஆகவேண்டிய ஒருவர், உட்கார நாற்காலி இல்லாமல் நீதிபதி ஆனார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவர் செய்ததெல்லாம் இதிலிருந்துதான் புரியும் என்பது என் எண்ணம்.

இங்கே ஒரு விளக்கம் தேவை. கல்கத்தா, பம்பாய், மதராஸ் மூன்று பல்கலைக்கழகங்களும் 1857இல் ஒரே வருஷத்தில் தொடங்கப்பட்டவை. ஆனால் இன்று நாம் நினைக்கிற அர்த்தத்தில் அவை பல்கலைக்கழகங்கள் அல்ல. எங்கள் பாஷையில் சொன்னால் கிளியரிங் ஹவுஸ். அந்த நாளில் எல்லா வங்கிகளும் செக்குகளைக் கொண்டுவந்து கொட்டும். அங்கே சரிபார்த்து, கழித்து, முத்திரை குத்தி அனுப்புவார்கள். கிளியரிங் ஹவுஸுக்கு என்று சொந்தமாக ஒரு வாடிக்கையாளர் கிடையாது. அதுபோலப் பல்கலைக்கழகத்துக்கும் மாணவர் கிடையாது, ஆசிரியர் கிடையாது. கல்லூரிகள் சொல்லிக்கொடுக்கும், பல்கலைக்கழகம் பரீட்சை வைக்கும், பட்டம் கொடுக்கும். வருமானம் பெரும்பாலும் பரீட்சைக் கட்டணம்.

கர்சன் பிரபு காலத்தில், 1904இல் ஒரு பல்கலைக்கழகச் சட்டம் வந்தது. செனட்டில் சர்க்காரின் பிடியை இறுக்கும் சட்டம் என்று நாடெங்கும் எதிர்ப்பு. எதிர்ப்பில் நியாயமும் இருந்தது. ஆனால் அதே சட்டத்தில், பல்கலைக்கழகம் தானே பேராசிரியர்களை நியமிக்கலாம், பாடம் நடத்தலாம், ஆராய்ச்சி செய்யலாம் என்றும் இடம் இருந்தது. மற்றவர்கள் பிடியைப் பார்த்தார்கள், அசுதோஷ் இந்த இடத்தைப் பார்த்தார். 1889 முதலே செனட்டில் உட்கார்ந்தவர், விதிகளை வரிவரியாக அறிந்தவர். 1906இல் துணைவேந்தர் ஆனதும் அந்த ஒரு வாசல் வழியாகவே ஒரு புதுப் பல்கலைக்கழகத்தை உள்ளே கொண்டுவந்துவிட்டார்.

துணைவேந்தர் பதவிக்கு அப்போது சம்பளம் கிடையாது. கௌரவப் பதவி. பகலில் ஹைகோர்ட் நாற்காலி. காலையிலும் மாலையிலும் பல்கலைக்கழகம். நம் சங்கத்தில் செயலாளர் பதவிக்கு ஆள் தேடி ஒவ்வொரு வருஷமும் நாம் படுகிற பாட்டை நினைத்துப் பாருங்கள். பத்து வருஷம் இப்படி உழைத்தார் மனிதர்.

1908இல் கல்கத்தா கணிதச் சங்கம் தொடங்கினார். 1909இல் பல்கலைக்கழகத்தின் சொந்தச் சட்டக் கல்லூரி வந்தது. பொருளாதாரத்துக்கு ஒரு பேராசிரியர் பதவி, தத்துவத்துக்கு ஒன்று, உயர் கணிதத்துக்கு ஒன்று, பண்டைய இந்திய வரலாற்றுக்கு ஒன்று என்று வரிசையாக ஏற்படுத்தினார். வைஸ்ராய், ராஜா, கவர்னர் பெயர்களையே அவற்றுக்குச் சூட்டினார். பெயர் உங்களுடையது, ஆள் எங்களுடையவர் என்ற கணக்கு. கெட்டிக்காரத்தனம்தான்.

ஆனால் ஆளைத் தேர்ந்தெடுப்பதில் 1913இலேயே சர்க்கார் கையை வைத்தது. பல்கலைக்கழக விரிவுரையாளர்களாக அவர் நியமிக்க நினைத்த மூன்று பேரை இந்திய சர்க்கார் ஏற்க மறுத்தது. அப்துல் ரசூல், அப்துல்லா சுக்ரவர்தி, கே.பி.ஜெயஸ்வால். மூவருக்கும் அரசியல் ஈடுபாடு உண்டு என்பது காரணம். படிப்பில் குறை சொல்லவில்லை. ஜெயஸ்வால் பின்னாளில் பண்டைய இந்திய அரசியல் அமைப்பைப் பற்றி எழுதிப் பெரும் புகழ் பெற்றவர். அசுதோஷ் இதை வெளிப்படையாகவே எதிர்த்தார்; பலனில்லை. யார் பாடம் நடத்தலாம் என்பதை யார் தீர்மானிப்பது? பின்னால் அவருக்குப் பதவி போனதும் இதே கேள்வியால்தான்.

சர்க்கார் பணத்தோடு சர்க்கார் கையும் வரும் என்று தெரிந்ததும் அவர் ஊர்க்காரர்களிடம் போனார். தாரக்நாத் பாலித் என்ற வக்கீல் 1912இல் பணமாகவும் நிலமாகவும் ஏறத்தாழ 15 லட்சம் ரூபாய் பெறுமான சொத்தைக் கொடுத்தார். ராஷ்பிகாரி கோஷ் என்ற இன்னொரு வக்கீல் அடுத்த வருஷம் 10 லட்சம் கொடுத்தார். ஓர் ஆசிரியர் மாதம் நூறு, நூற்றைம்பது ரூபாய் வாங்கிய காலம் அது என்பதை மனத்தில் வைத்து இந்தத் தொகையைப் பாருங்கள். இருவரும் ஒரு நிபந்தனை போட்டார்கள்: இந்தப் பணத்தில் ஏற்படும் பேராசிரியர் பதவிகளில் இந்தியர்களே அமரவேண்டும். 1914 மார்ச் 27ஆம் தேதி, அவருடைய பதவிக்காலம் முடிய இருந்த கடைசி வாரத்தில், அறிவியல் கல்லூரிக்கு அசுதோஷ் அடிக்கல் நாட்டினார்.

கட்டடத்துக்குக் கல் போட்டாகிவிட்டது. உள்ளே யார் வருவது?

சி.வி.ராமன் அப்போது எங்கள் ஜாதி. கணக்குப் பிள்ளை ஜாதியைச் சொல்கிறேன். மதராஸ் பிரசிடென்சி கல்லூரியில் எம்.ஏ. முடித்து, நிதித் துறைத் தேர்வில் முதலிடம் பெற்று, 1907இல் 18 வயதில் கல்கத்தாவில் உதவி அக்கவுண்டண்ட் ஜெனரலாகச் சேர்ந்தவர். காலையில் அலுவலகம் போகும் முன்பும், மாலையில் அலுவலகம் விட்ட பின்பும் பௌபஜாரில் இருந்த அதே அறிவியல் சங்கத்தில் போய் ஆராய்ச்சி. இசைக் கருவிகளின் நாதத்தைப் பற்றியெல்லாம் கட்டுரைகள் வெளியிட்டுக்கொண்டிருந்தார். அசுதோஷ் இளைஞராகச் சொற்பொழிவாற்றிய இடம் அது என்று மேலே சொன்னேன் அல்லவா? அங்கே நடப்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

பாலித் இயற்பியல் பேராசிரியர் பதவிக்கு வருகிறீர்களா என்று ராமனைக் கேட்டார். சர்க்கார் சம்பளத்தில் ஏறக்குறைய பாதிதான் இங்கே கிடைக்கும். ஓய்வூதியம் உறுதியான வேலையை விட்டுப் பாதிச் சம்பளத்துக்குப் போவது! நானாக இருந்தால் போயிருக்க மாட்டேன், உங்களில் பலரும் போயிருக்க மாட்டீர்கள். ராமன் சரி என்றார். ஒரு சிக்கல் வந்தது. இந்தப் பேராசிரியர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று நன்கொடைப் பத்திரத்தில் ஒரு விதி. பயிற்சிக்காக நான் வெளிநாடு போக மாட்டேன் என்று ராமன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நம் ஊர் அலுவலகமாக இருந்தால் கோப்பு அங்கேயே மூடப்பட்டிருக்கும். விதி இருக்கிறது, தகுதி இல்லை, அடுத்தவர். அசுதோஷ் ஹைகோர்ட் நீதிபதி. விதி எதற்காக எழுதப்பட்டது என்று பார்க்கத் தெரிந்தவர். நல்ல ஆராய்ச்சியாளர் வேண்டும் என்பதற்காகத்தான் விதி. அந்த ஆராய்ச்சியாளர் எதிரிலேயே நிற்கும்போது விதி தடுக்கலாமா? அந்த நிபந்தனை நீங்க வழி செய்தார். 1917இல் ராமன் பேராசிரியர் ஆனார். ஆராய்ச்சிக்கு இடைஞ்சலாக எம்.ஏ., எம்.எஸ்சி. வகுப்புகளை எடுக்கவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. ஆனாலும் ராமன் தாமாகவே வகுப்பு எடுத்தார்.

அசுதோஷ் தாயாரின் சம்மதம் இல்லாததால் கடைசிவரை கடல் கடக்காதவர். ஆனால் 1921இல் ஆக்ஸ்போர்டில் நடந்த பல்கலைக்கழகங்களின் மாநாட்டுக்குக் கல்கத்தாவின் பிரதிநிதியாக ராமனைக் கப்பல் ஏற்றினார். பயிற்சி பெறப் போகாதவர், பல்கலைக்கழகத்தின் சார்பில் சமமாக உட்காரப் போனார். அந்தப் பயணத்தில்தான் மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து, கடல் ஏன் நீலம் என்ற கேள்வி ராமனைப் பிடித்துக்கொண்டது. அது 1928இல் ராமன் விளைவாக முடிந்தது, 1930இல் நோபல் பரிசாக வந்தது என்பது நீங்கள் அறிந்ததே.

இன்னொரு சம்பவம். எனக்கு ராமன் கதையைவிட இதுதான் பிடித்தது. 1915இல் கணிதத்தில் எம்.எஸ்சி. முடித்த இரண்டு பையன்கள், சத்யேந்திரநாத் போஸ் முதலிடம், மேகநாத் சாகா இரண்டாமிடம். இருவருக்கும் 21, 22 வயது. வேலை இல்லை. ஐரோப்பாவில் இயற்பியலே தலைகீழாக மாறிக்கொண்டிருக்கிறது, நமக்கு இன்னும் பழைய பாடமே நடக்கிறது என்று அவர்களும் நண்பர்களும் துணிந்து அசுதோஷைப் போய்ப் பார்த்தார்கள். புதிய பாடங்களைப் பல்கலைக்கழகத்தில் கொண்டுவர வேண்டும் என்றார்கள். சரி, உங்களால் எதைச் சொல்லிக்கொடுக்க முடியும் என்று புலி திருப்பிக் கேட்டது. என்ன சொல்வார்கள்? எதுவானாலும் முயல்கிறோம் என்றார்கள்.

விரட்டி அனுப்பவில்லை. மாதம் 125 ரூபாய் உதவித்தொகை கொடுத்து, முதலில் படியுங்கள், பிறகு பாடம் எடுங்கள் என்றார். போஸ் சார்பியல் கோட்பாட்டைப் படிக்க வேண்டும், சாகா குவாண்டம் கோட்பாட்டை. அது முதல் உலகப் போர் நேரம். ஜெர்மனியிலிருந்து புத்தகம் வராது. சிப்பூர் பொறியியல் கல்லூரியில் இருந்த புரூல் என்ற பேராசிரியரிடம் ஜெர்மன் மொழியில் இயற்பியல் நூல்கள் இருப்பது தெரிந்து, அவரிடம் இரவல் வாங்கினார்கள். ஜெர்மன் மொழியையும் சேர்த்துப் படித்தார்கள். 1916இல் விரிவுரையாளர்கள் ஆனார்கள். தாங்களே அப்போதுதான் கற்றதை மாணவர்களுக்குக் கற்பித்தார்கள்.

விளைவு என்ன? ஐன்ஸ்டைன், மின்கோவ்ஸ்கி ஆகியோரின் சார்பியல் கட்டுரைகளை இந்த இருவரும் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, 1920இல் கல்கத்தாப் பல்கலைக்கழகமே அதைப் புத்தகமாக வெளியிட்டது. அதே 1920இல் சாகா, நட்சத்திரங்களின் நிறமாலையைப் புரிந்துகொள்ள உதவும் தம் அயனியாக்கக் கோட்பாட்டை வெளியிட்டார். பாடம் நடத்தப்போய்த்தான் அவர் வெப்ப இயக்கவியலை ஆழமாகப் படித்தார். எஃப்.டி.பி. என்றால் எனக்கு இதுதான்: நம்பிக்கை, கொஞ்சம் பணம், நிறைய அவகாசம், முடிவில் ஒரு வகுப்பறை.

இளைஞர்கள் மட்டும் அல்ல. நம்மைப் போன்ற ஓய்வுபெற்றவர்கள் சந்தோஷப்படும்படியும் ஒரு நியமனம் உண்டு. பாலக்காட்டுக்காரர் எல்.கே.அனந்தகிருஷ்ண ஐயர், கொச்சி சமஸ்தானத்தில் வேலை பார்த்தவர், கொச்சியின் ஜாதிகள், பழங்குடிகள் பற்றிப் பெரிய நூல்கள் எழுதியவர். மானிடவியலில் பட்டம் எதுவும் பெற்றவர் அல்ல. அவருக்கு 60 வயதை ஒட்டி இருக்கும்போது அசுதோஷ் கல்கத்தாவுக்கு வரவழைத்தார். புதிதாகத் தொடங்கிய மானிடவியல் துறையில் அவர் பத்து வருஷத்துக்கு மேல் பணியாற்றினார். ஓவியர் அவனீந்திரநாத் தாகூரை 1921இல் கலைப் பேராசிரியர் ஆக்கியதும் இதே மாதிரிதான். அதே வருஷம் மைசூர் மகாராஜா கல்லூரியில் இருந்த ராதாகிருஷ்ணனுக்குத் தத்துவப் பேராசிரியர் பதவிக்கு அழைப்புப் போனது. திருத்தணிப் பக்கத்துக்காரர், மதராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். வெளிநாட்டுப் பட்டம் கிடையாது. வயது 32. அந்த நாளில் இந்தியாவிலேயே பெரிய தத்துவப் பதவி அதுதான். இன்னொரு விஷயம்: தாய்மொழிகளில் எம்.ஏ. பட்டம் என்பதை 1919இல் கொண்டுவந்தவரும் அவரே. வங்காளியில் எம்.ஏ.வா என்று சிரித்தவர்கள் அப்போது நிறையப் பேர்.

எல்லாம் சரி, குறையே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 1917இல் எம்.ஏ., எம்.எஸ்சி. படிப்பு முழுவதையும் கல்லூரிகளிடமிருந்து எடுத்துப் பல்கலைக்கழகத்தின் கையில் கொண்டுவந்தார். நல்ல கல்லூரிகளுக்கு இதில் கசப்பு இருந்தது. அவர் சொல்வதுதான் செனட்டில் நடக்கும், எதிர்ப்பவர்கள் குரல் எடுபடாது என்ற புகார் நிஜம். பெரிய குற்றச்சாட்டு பரீட்சையைப் பற்றியது. மெட்ரிகுலேஷனில் தேர்ச்சி விகிதம் ஏறிக்கொண்டே போனது. வரலாற்றறிஞர் ஜதுநாத் சர்க்கார் போன்றவர்கள் தரம் போய்விட்டது என்று கடுமையாக எழுதினார்கள். வணிகவியல் படித்தவன் என்ற முறையில் நான் பார்ப்பது வரவுசெலவுப் பக்கம்: மேல்படிப்புத் துறைகளின் செலவைத் தாங்கியது பெரும்பாலும் பரீட்சைக் கட்டணமே. பையன்கள் அதிகம் எழுதினால்தான் பேராசிரியர்களுக்குச் சம்பளம். ஒரே வருமானத்தை நம்பி இத்தனை துறைகளைத் திறந்தது ஆபத்தான காரியம்தான். நான் அவரிடம் கணக்கராக இருந்திருந்தால் நோட் போட்டிருப்பேன். அவர் அதை வாசித்துவிட்டு ஓரமாக வைத்திருப்பார்.

ஆபத்து வந்தும் விட்டது. ஒத்துழையாமை இயக்கத்தில் மாணவர்கள் கல்லூரியை விட்டு வெளியேறிய காலம். 1921இல் டாக்கா பல்கலைக்கழகம் தனியாகத் தொடங்கியது. கல்கத்தாவின் கஜானா காலி. நல்ல சம்பளம் கிடைக்கிறதே என்று போஸ் டாக்கா போனார். சாகா 1923இல் அலகாபாத் போனார். வளர்த்த பிள்ளைகளைப் பணமில்லாமல் அனுப்பிவைக்கும் வீடு மாதிரி ஆயிற்று.

இந்த நேரத்தில் வங்காள அரசு இரண்டரை லட்சம் ரூபாய் தர முன்வந்தது. 1922 கடைசி. அப்போது கல்வி, சர்க்காரில் இந்திய மந்திரியின் பொறுப்பு. பணத்தோடு நிபந்தனைகளும் வந்தன. மாதாமாதம் கணக்கு அனுப்ப வேண்டும், பணச் செலவு பிடிக்கும் எந்த விரிவாக்கமும் சர்க்கார் சம்மதம் இல்லாமல் கூடாது என்பது மாதிரியானவை.

இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பணம் கொடுப்பவர் கணக்குக் கேட்பது தப்பா? தப்பில்லை. கடன் கொடுத்த வங்கி மாதாந்திர இருப்புக் கணக்குக் கேட்காதா? நானே எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். ஆனால் வங்கி, உன் கடையில் யாரை வேலைக்கு வைக்கலாம், எந்தச் சரக்கு வாங்கலாம் என்று சொல்ல ஆரம்பித்தால் அப்புறம் கடை யாருடையது? அசுதோஷ் அப்படித்தான் பார்த்தார். ஜெயஸ்வாலைத் தடுத்த கை இது என்று அவருக்கு நினைவிருந்திருக்கும். செனட்டில் அவர் பேசிய பேச்சு வங்கத்தில் இன்றும் பேசப்படுகிறது. பிச்சை எடுத்தாலும் எடுப்போம், பல்கலைக்கழகத்தை ஒரு சர்க்கார் இலாகா ஆக்க மாட்டோம் என்பது அதன் சாரம். செனட் பணத்தை மறுத்தது.

அந்த மறுப்பின் விலையை ஆசிரியர்களும்தான் கொடுத்தார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது. புலிக்கு ஹைகோர்ட் சம்பளம் இருந்தது. இளம் விரிவுரையாளருக்கு அது ஒன்றுதான் வருமானம். நிபந்தனையில் சிலவற்றைப் பேசித் தளர்த்தி, பணத்தை வாங்கியிருக்கலாமே என்று நினைக்கிற ஒரு பக்கம் எனக்குள் உண்டு. ஆனால் அந்தத் துறைகள் தப்பிப் பிழைத்தன, யாரை நியமிப்பது என்ற உரிமையும் பிழைத்தது என்பதால் அவர் பக்கமே சாய்கிறேன்.

1923 மார்ச்சில் அவருடைய பதவிக்காலம் முடியும் தறுவாயில், கவர்னரும் வேந்தருமான லிட்டன் பிரபு ஒரு கடிதம் எழுதினார். மறுபடி துணைவேந்தர் பதவி தரத் தயார், ஆனால் பல்கலைக்கழகச் சட்டத்தை மாற்றுவதில் சர்க்காரை எதிர்ப்பதை விட்டு ஒத்துழைப்பதாக உறுதி தர வேண்டும் என்பது அதன் கருத்து. மார்ச் 26ஆம் தேதி அசுதோஷ் பதில் எழுதினார். நீண்ட கடிதம். தன்மானம் உள்ள எவரும் இப்படிப்பட்ட நிபந்தனையோடு வரும் பதவியை ஏற்க மாட்டார்கள் என்று சொல்லி மறுத்துவிட்டார். சம்பளமே இல்லாத பதவி! அதைத் தக்கவைத்துக்கொள்ளவும் அவர் ஒரு வாக்குறுதி தரவில்லை. கடிதங்கள் பத்திரிகைகளில் வெளிவந்து ஊரெங்கும் அதே பேச்சானது.

அந்த 1923 அவருக்கு வேறு விதத்திலும் கொடுமையான வருஷம். மூத்த மகள் கமலா இறந்துபோனார். சிறு வயதிலேயே விதவையான அந்தப் பெண்ணுக்கு 1908இல், உறவுக்காரர்களின் எதிர்ப்பை மீறி அவர் மறுமணம் செய்துவைத்திருந்தார். பிராமணக் குடும்பத்தில், அந்தக் காலத்தில். மகள் பெயரில் பல்கலைக்கழகத்தில் ஒரு சொற்பொழிவுக்கு அறக்கட்டளை வைத்தார். வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் பின்னர் அந்தக் கமலா சொற்பொழிவை ஆற்றியவர்களில் ஒருவர்.

அந்த ஆண்டு இறுதியில் நீதிபதி வேலையிலிருந்தும் ஓய்வு பெற்று மறுபடி வக்கீலாக இறங்கினார். ஒரு பெரிய ஜமீன் வழக்கில் வாதாடப் பாட்னா போன இடத்தில், 1924 மே 25ஆம் தேதி, 60 வயது முடிய ஒரு மாதம் இருக்கும்போது திடீரென்று காலமானார்.

சரியாகப் பத்து நாள் கழித்து, ஜூன் 4ஆம் தேதி, டாக்காவிலிருந்து சத்யேந்திரநாத் போஸ் தம் கட்டுரை ஒன்றை ஐன்ஸ்டைனுக்குத் தபாலில் அனுப்பினார். ஐன்ஸ்டைன் தாமே அதை ஜெர்மன் மொழியில் பெயர்த்து வெளியிட்டார். போஸ்-ஐன்ஸ்டைன் புள்ளியியல் என்று உலகம் சொல்வது அதுதான். போஸான் என்ற துகள் பெயரில் இருப்பதும் அந்த 125 ரூபாய் உதவித்தொகைப் பையனின் பெயர்தான்.

உங்களில் யாராவது கொல்கத்தா போனால் காளி கோயிலும் ஹவுரா பாலமும் பார்த்த பிறகு அரை நாள் ஒதுக்குங்கள். ராஜாபஜாரில் பாலித் கொடுத்த மனையில் அறிவியல் கல்லூரி இன்றும் நடக்கிறது. அலிப்பூரில் தேசிய நூலகம் இருக்கிறது. அசுதோஷ் வாழ்நாள் முழுக்க வாங்கிச் சேர்த்த 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட புத்தகங்களை அவருடைய குடும்பத்தார் 1949இல் அங்கே கொடுத்துவிட்டார்கள். தனித் தொகுப்பாக வைத்திருக்கிறார்கள்.